கல்முனைக் கரையோரத்தில் வாழிடமும் உளநலமும்

மனிதன் நிலத்தை ஆளுகின்றானா, அன்றி நிலம் மனிதனை ஆளுகின்றதா என்பது அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். ஒருவன் வாழுமிடத்தின் காற்றும் நீரும் மண்ணும் அவன் உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் உருவாக்குகின்றன என்னுங் கருத்து, கிரேக்க மருத்துவ மேதை ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய நூலொன்றிலே காணப்படுகின்றது. நம் வள்ளுவப் பெருந்தகையும் நாட்டுக்கு அணியென ஐந்தினை வகுக்கும்போது, நோயற்ற நிலை, பொருள்வளம், விளைச்சல் என்பவற்றோடு மகிழ்ச்சியையும் பாதுகாப்பையும் ஒருசேர எண்ணினார். மகிழ்ச்சி என்பது தனிமனிதனின் அகத்திலே தானாகத் தோன்றுவதொன்றன்று. அவன் வாழும் நாட்டின் இயல்போடு பிணைந்தது என்பது அவர் கொள்கை எனலாம்.

இப்பொருள் பற்றி இரு பேரறிஞர் கூறியவற்றை ஒப்புநோக்குதல் இன்பம் பயப்பதாகும். 1332இல் தூனிசிலே பிறந்து 1406இல் கெய்ரோவிலே மறைந்த அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தமது வரலாற்றுப் பெருநூலின் முகவுரையாகிய ‘முகத்திமா’விலே தட்பவெப்பத்துக்கும் மக்கள் மனப்பாங்குக்கும் உள்ள தொடர்பை ஆராய்கின்றார். வெப்பம் உயிர்ப்பை விரிக்கின்றது. அதனால் உவகை பிறக்கின்றது. வெந்நீர்க் குளிப்பறையிலே நிற்பவன் தன்னையறியாது பாடத் தொடங்குவதும் இதனாலேயே என்பது அவர் விளக்கம். கடல்நீரிலே பட்டுத் தெறிக்கும் ஞாயிற்றின் ஒளி கரையோரக் காற்றை வெப்பமாக்குதலின், கடற்கரை மக்களும் உவகை மிக்கவராயிருப்பர் என்று அவர் மேலும் கூறுகின்றார். குளிர்ந்த மலைகள் சூழ்ந்த பெஸ் நகரத்தாரோ துயரில் ஆழ்ந்தவர்போல் நடப்பர். வருங்காலத்தை அஞ்சிப் பல ஆண்டுகளுக்குக் கோதுமையைச் சேமித்து வைப்பர் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு.

இதற்கு மாறாக, இப்னு கல்தூனுக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட தமிழர் அகப்பொருள் மரபு, கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலையே உரிப்பொருளாக வகுத்தது. வயலும் வயல்சார்ந்த இடமுமாகிய மருதத்துக்கு ஊடலை வகுத்தது. ஒருவர் கடற்கரையை உவகையின் நிலைக்களன் என்கின்றார். மற்றொரு மரபு அதனை இரங்கலின் நிலைக்களன் என்கின்றது. இவ்விரண்டனுள் எது மெய்? இதற்கு விடைகாண ஏட்டைப் புரட்டுதல் மட்டும் போதாது; வரலாறுடைய கடற்கரை ஒன்றனையும் நோக்குதல் வேண்டும். அத்தகையதொரு கரை, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனையை நடுவாகக்கொண்டு கிடக்கின்றது.

கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். இந்நிலத்திலேதான் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழர் ஊரும் மாலையிலே கோத்த இருநிற மணிகள்போல் மாறிமாறி அமைந்துள்ளன. இருசாரார் வாயிலும் வழங்குவது தமிழே. முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்தர் 1892இல் தோன்றிய காரைதீவும் இவ்வரிசையிலே உள்ளது.

கடலோரத்திலுள்ள இவ்வூர்களுட் சில மருத மரத்தின் பெயரைத் தாங்கி நிற்றல் கருதத்தக்கது. சாய்ந்து நின்ற ஒரு மருத மரமே சாய்ந்தமருதுக்குப் பெயர் தந்தது என்பது ஊர்வழக்கு. நெய்தல் நிலத்திலே மருதத்தின் பெயர் வழங்குவது போலவே வாழ்க்கையும் அமைந்திருந்தது. உடன்பிறந்தாருள் ஒருவர் கரைவலை இழுக்க, மற்றொருவர் களவெட்டியிலே சூடு மிதித்தார். மருதமுனை வீடுகளிலே தறியின் ஓசை கேட்டது. திணைகள் ஒன்றோடொன்று மயங்குதலுக்கு இடமளித்த தொல்காப்பியரின் இலக்கணத்துக்கு இக்கரை நல்லதோர் இலக்கியமாகும்.

இம்மக்கள் இங்கு வேரூன்றிய வரலாறு சிந்தனைக்குரியது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை 1626இல் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது போர்த்துக்கேய ஆசிரியர் குவேறோஸ் தரும் செய்தி. அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இக்கரையில் வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. எவ்வாறாயினும், இடம்பெயர்ந்து வந்தோரும் இக்கரையின் மைந்தராயினர் என்பது ஐயமின்றித் துணியப்படும். வேரறுந்து வந்தவர் மீண்டும் வேரூன்றியது எவ்வாறு? மூன்று பிணைப்புகளால் என்று கூறலாம்.

முதலாவது தொழில். வயலும் கடலும் தறியும் ஆண்டின் பருவங்களைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன. பெரும்போகத்துக்கு மாரி மழை. கரைவலைக்குக் கடல் அடங்கிய காலம். தறிக்கோ எக்காலமும் ஏற்றது. ஒன்று பொய்த்தபோது மற்றொன்று தாங்கியது.

இரண்டாவது வீடும் குடியும். இக்கரையிலே முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றினர். மகள் மணமுடிக்கும்போது அவளுக்கு வீடும் வளவும் சீதனமாக வழங்கப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். பெற்றோர் பலர் தாம் வாழ்ந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அருகே சிறியதொரு வீடு கட்டிக் குடிபுகுவர். அடுத்த மகளுக்கு அவ்வீடு. ஆகவே தாயும் மகளிரும் அவர்தம் பிள்ளைகளும் அடுத்தடுத்த வேலிகளுக்குள்ளே வாழ்ந்தனர். குழந்தை அழுதால் எடுக்கப் பெரியம்மா இருந்தாள். நோயுற்றால் கஞ்சி காய்ச்ச உம்மம்மா இருந்தாள். பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிதோறும் ஒரு மரைக்கார் இடம்பெற்றதுபோல, கோயில் நிருவாகத்திலே வண்ணக்கர் இடம்பெற்றனர். வீடு என்பது இங்குச் சுவரும் கூரையும் மட்டுமன்று. ஒரு பெண்ணின் உரிமையும் ஒரு குடியின் இருப்பிடமுமாகும்.

மூன்றாவது வழிபாடு. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகை சாகுல் ஹமீது அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்று விழா நடைபெறுகின்றது. காரைதீவுக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியிலே திருக்குளிர்த்தி நடைபெறுகின்றது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே தீமிதிப்பு நிகழ்கின்றது. வைகாசி, ஆனி மாதங்களிலே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெம்மையை அறிந்தவர்க்கே ‘குளிர்த்தி’ என்னும் சொல்லின் பொருள் முற்றாக விளங்கும். நிலத்தின் வெப்பமும் நோயின் வெப்பமும் தெய்வத்தின் சினமும் ஒருங்கே தணிய வேண்டும் என்னும் வேட்கை அவ்விழாவிலே உள்ளது. மாலையிலே கடற்காற்று வீசத் தொடங்கியதும் ஆடவர் கரைமணலிலே கூடிப் பேசுவதும், வயற்காவலர் இரவிலே கவி பாடுவதும் அவ்வேட்கையின் வேறு வடிவங்களே. இவ்வாறு நோக்குமிடத்து, கரையோர மக்களின் உவகை பற்றி இப்னு கல்தூன் கூறியது ஓரளவு மெய்யெனவே தோன்றுகின்றது. ஆயின் அவ்வுவகையைத் தந்தது வெப்பமன்று. வெப்பத்தைத் தணிக்க மக்கள் தம்முள் அமைத்துக்கொண்ட கூட்டு வாழ்க்கையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாக இக்கரை இடநெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டு இங்கினியாகலையிலே சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. அதன் நீரால் கரையோர வயல்களும் பயன்பெற்றன என்பதை மறுத்தலாகாது. எனினும் மேற்கே புதிய குடியேற்றங்கள் தோன்ற, கரையோர மக்கள் அத்திசையிலே பரவும் வாய்ப்புக் குறைந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அதன் தலைநகர் உள்நாட்டிலே அமைந்தது. மக்கள்தொகையோ பெருகிக்கொண்டே வந்தது. மகளுக்கொரு வீடு என்னும் வழக்கத்தால் வளவுகள் துண்டுதுண்டாயின. வயலை அழிக்க மனமில்லாமையால் வீடுகள் கடலை நோக்கி நகர்ந்தன. வறியவர் வீடே கடலுக்கு மிக அண்மையில் அமைந்தது.

இயற்கையும் வாளாவிருக்கவில்லை. 1957 டிசம்பரில் பெருவெள்ளம். 1978 நவம்பர் 23இல் சூறாவளி. இவற்றினும் நெடிதாக வருத்தியது போர். 1990ஆம் ஆண்டு நிகழ்வுகளின் பின் முஸ்லிம் உழவர் பலர் தம் வயற்காணிகளை அணுக முடியாதவராயினர். தமிழர் பலர் வீடுவாசலைத் துறந்து அகதிகளாயினர். மாலையிலே கோத்த மணிகள் ஒன்றையொன்று அஞ்சத் தொடங்கின. வீட்டின் முன்னே ஓடும் அதே தெரு, அந்தி மயங்கியபின் அயல்நாட்டின் எல்லைபோலாயிற்று. இடம் மாறாதிருந்தும் அவ்விடத்திலே வாழ்வோர் மனநிலை மாறியமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. வள்ளுவர் ‘ஏமம்’ என்று கூறிய பாதுகாப்பு நீங்கியவிடத்து ஏனைய நான்கணிகளும் ஒளி மழுங்கும் என்பதை இக்காலம் உணர்த்தியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். காலை ஏழு மணியளவிலே சுமாத்திராக் கடலடியில் நில நடுக்கம் நேர்ந்தது. அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. பண்டைத் தமிழர் ‘கடல்கோள்’ என்று நினைவிற் கொண்டதனை, சுனாமி என்னும் யப்பானியச் சொல்லால் இக்காலத்தார் அறிந்தனர். இலங்கையிலே இறந்தோர் தொகை 30,000க்கு மேற்பட்டது. மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பு அம்பாறைக்கே நேர்ந்தது. அங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்களின் கடலோரத் தெருக்கள் முற்றாக அழிந்தன. அடுத்தடுத்த வேலிகளுக்குள்ளே தாயும் மகளிரும் வாழ்ந்த முறைமையால், ஒரு குடியின் மூன்று தலைமுறையும் ஒரே நாளில் அழிந்த துயரமும் நேர்ந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்து மகளுக்கெனக் கட்டிய வீடு அத்திவாரத்தோடு பெயர்ந்தபோது, அக்குமரின் வருங்காலமே பெயர்ந்ததாகத் தாய்மார் கருதினர்.

இதன்பின் நிகழ்ந்தவையே நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. 2005இல் அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கரையிலிருந்து அளந்து, அவ்வெல்லைக்குள் வீடு கட்டலாகாது என்றது. நோக்கம் நன்றே. ஆயின் கல்முனை போன்ற ஒடுங்கிய நிலத்திலே 200 மீற்றர் என்பது பல குறிச்சிகளை முழுதாக விழுங்கும் அளவாகும். எதிர்ப்பின் பின் அவ்வெல்லை பின்னர்க் குறைக்கப்பட்டது. மருதமுனையிலே ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்று ஒரு குடியிருப்பின் பெயரே வழங்குகின்றது. முன்னோர் மரத்தின் பெயரால் ஊரை அழைத்தனர். பின்னோர் அளவுநாடாவின் பெயரால் அழைக்க நேர்ந்தது.

கடலோரத்தை இழந்தோர்க்கு மேற்கே வயற்புறத்திலே புதிய வீடுகள் எழுந்தன. சாய்ந்தமருதிலே, தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவாரின் பெயரை நினைவூட்டும் பொலிவேரியன் கிராமம் தோன்றியது. கல்முனையிலே கிறீன் பீல்ட் என்னும் மாடிக் குடியிருப்பு எழுந்தது. கல்வீடும் மின்விளக்கும் குழாய்நீரும் கிடைத்தன, உதவியோர் நன்றிக்குரியர். ஆயினும் வலை உலர்த்த மாடியிலே இடமேது? தோணியை எங்கிருந்து காவல் செய்வது? அருகருகே வாழ்ந்த உடன்பிறந்த மகளிர் வெவ்வேறு திட்டங்களிலே வீடு பெற்றுப் பிரிந்தனர். அன்றியும், பல இடங்களிலே வீட்டுரிமை ‘குடும்பத் தலைவர்’ என்ற முறையில் ஆண்மகன் பெயருக்கே எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்வழி வந்த உரிமை, ஒரு படிவத்தின் ஒற்றைக் கோட்டிலே இடம் மாறியதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இந்நிலை கல்முனைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, வெஸ்ட் எண்ட் என்னும் பழைய குறிச்சி ‘சேரி’ எனக் கணிக்கப்பட்டு 1958 முதல் இடிக்கப்பட்டது. அங்கிருந்து பெயர்க்கப்பட்டோரின் மனநிலையை ஆராய்ந்த மார்க் பிரீட் என்னும் உளவியலறிஞர், இழந்த வீட்டுக்காக அவர்கள் கொண்ட துயரம், இறந்த உறவினர்க்காகக் கொள்ளும் துயரத்தை ஒத்திருந்தது என 1963இல் எழுதினார். நல்ல வீட்டுக்குச் சென்றவரும் அழுதனர். ஏனெனின் அவர் இழந்தது சுவரையன்று. தெருவை, அயலை, பழகிய முகங்களை.

இனி, கடலின் காட்சி உள்ளத்துக்கு மருந்தாகுமா என்பதையும் நோக்குவாம். ரோஜர் உல்ரிச் என்பார் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, அறுவைச் சிகிச்சைக்குப்பின் சாளரத்தினூடே மரங்களைக் கண்ட நோயாளர், வெறுஞ்சுவரைக் கண்டவரினும் விரைவிலே வீடு திரும்பினர் என்று காட்டினார். இயற்கைக் காட்சி நோய் தணிக்கும் என்பதற்கு இதனைப் பலரும் சான்றாகக் கூறுவர். ஆயின் 2004க்குப் பின் கல்முனைத் தாய் ஒருத்தியின் சாளரம் கடலை நோக்கித் திறந்திருந்தால் அது மருந்தாகுமா? அதே நீலம், அதே காற்று, அதே மணல். ஆயினும் அலையின் ஓசை சற்றே உயர்ந்தால் பிள்ளைகளை வாரியெடுத்து ஓடத் தூண்டும் அச்சம். மேற்கே சென்று நிம்மதியாக உறங்கியவரும் உளர். அவர்க்குக் கடலினின்று விலகியதே நலம். ஆகவே எல்லாரையும் கரையிலே இருத்துக என்பதோ, எல்லாரையும் பெயர்க்க என்பதோ ஒருதலைப்பட்ட முடிபாகும். காட்சி ஒன்றே, காண்போன் நினைவே அதனை மருந்தாகவோ நஞ்சாகவோ ஆக்குகின்றது.

வீடு எழுந்தும் வாழ்வு எழாமைக்கு அக்கரைப்பற்று நுரைச்சோலையே சான்று. சவூதி அரேபியாவின் உதவியோடு அங்கு 500 வீடுகளும், அவற்றோடு பாடசாலை, பள்ளிவாசல், மருத்துவமனை, சந்தை என்பனவும் கட்டப்பட்டன. அவ்வீடுகள் யார்க்கு உரியன என்பது பற்றி அப்பத்தாண்டின் இறுதியிலே வழக்கெழுந்து உயர் நீதிமன்றம்வரை சென்றது. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் வழங்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் அவை பூட்டியபடியே கிடந்து, கூரை சரியக் காடு மூடின. கடல் அழித்த வீடு ஒரு நாளிலே அழிந்தது. மனிதர் பிணக்கால் அழிந்த வீடோ குடிபுகுவோர் கண்முன்னே ஆண்டுக்கணக்காக அழிந்தது. இரண்டாவது துயரம் முதலாவதினும் சிறிதெனக் கூறல் இயலாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால், தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை தோன்றுகின்றது. இப்னு கல்தூன் நிலத்தையும் காற்றையும் நேரே மனத்தோடு இணைத்தார். தமிழ்ப் புலவரோ இடையே ஒன்றனை வைத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அவற்றின்பின் தோன்றும் மனவொழுக்கம் உரிப்பொருள். முதலிலிருந்து உரிக்குச் செல்லும் வழி கருவினூடே செல்கின்றது. கடற்கரை தன்னளவிலே உவகையுமன்று, இரங்கலுமன்று. அங்கு நெய்யப்பட்ட தொழிலும் உறவும் வழிபாடும் நிலைத்திருந்தபோது அது உவகையின் நிலமாயிற்று; அவை அறுந்தபோது இரங்கலின் நிலமாயிற்று. மக்களைப் பெயர்க்க நேரின் முதற்பொருளை மட்டும் மாற்றிக் கொடுத்தல் போதாது. கருப்பொருளையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். ஓர் ஏக்கர் நிலமும் நான்கு சுவரும் கொடுத்தோம் என்பார், கொடாது விட்டவற்றைக் கணக்கிடுதல் வேண்டும்.

இது பழங்கதை பேசுவதற்காகக் கூறப்பட்டதன்று. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது; அதன் அண்மையிலுள்ள கரையைக் கடல் அரித்து வருதலும், ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளிலே தென்னந்தோட்டங்களும் கரைவலைத் தளங்களும் கடலுட் சென்றமையும் பலரும் அறிந்தன. உலகின் கடல்மட்டமும் உயர்ந்துவருகின்றது. இக்கரை மக்களுட் சிலரேனும் மீண்டும் பெயர நேரலாம். அந்நாளிலே வரைபடத்தை விரிப்போர் மூன்றனை முன்னரே வினவுதல் கடன்: இவர் தொழிற்களம் எவ்வளவு தூரம்? இவர் உடன்பிறந்தார் எங்கே? இவ்வீட்டின் உறுதி யார் பெயரில்?

இவ்வினாக்களுக்கு விடையிறுக்கவல்ல முதியோர் இன்னும் இக்கரையில் உளர். எந்த வளவு எந்த மகளுக்குச் சென்றது, எந்தக் கரைவலைத் தளம் எவர்க்கு உரியது, எந்த மரத்தடியிலே மாலையிற் கூடினர் என்பவற்றை அவர் நினைவிலே வைத்துள்ளனர். வரலாறு பயிலும் மாணவர் விடுமுறை நாட்களிலே அவற்றைக் கேட்டு ஏட்டிலே பதிவாராயின், அஃது ஊர்ப்பற்றாக மட்டும் அமையாது; நாளை ஒரு குடியை அதன் கருப்பொருளோடு பெயர்த்து நடுவதற்கு வேண்டிய ஆவணமாகவும் அமையும்.